திருக்கோணமலைத் துறையும் சுழியோடியின் உடையும்

கடலினுள் இறங்குவோன் எதனை உடுத்து இறங்குதல் வேண்டும் என்னும் வினா, வரலாற்றாசிரியரின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்ததன்று. கப்பல்களின் வரலாறு எழுதப்பட்டுளது. கோட்டைகளின் வரலாறும் எழுதப்பட்டுளது. ஆயின் திருக்கோணமலைத் துறையில் கப்பலுக்கும் கோட்டைக்கும் கீழே, நீரினுள் நிகழ்ந்த பணிகளை எண்ணிப் பார்க்குமிடத்து, மனித உயிர் ஓர் உடையின் தையலிலும் மணிக்கட்டு வளையத்திலும் தங்கியிருந்த காலங்கள் பல என்பது புலனாகும். நீர் புகாவண்ணம் உடல் முழுவதையும் மூடும் உடையை 'உலருடை' என்பர். அது குளிர்நாட்டார்க்கே உரியது, வெப்பக் கடலின் கரையில் வாழும் நமக்கு அதனால் யாது பயன் என்று கேட்போர் உளர். அக்கூற்றுப் பாதியே உண்மை. ஒரே துறையில், ஏறக்குறைய ஒரே வெப்பநிலையுள்ள நீரில், வெற்றுடம்பும் உலருடையும் தத்தமக்குரிய காரணங்களோடு இறங்கியிருக்கின்றன. அக்காரணங்களை ஆராய்வதே இக்கட்டுரை.

திருக்கோணமலைக் கடலின் மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 27 முதல் 30 பாகை செல்சியசு வரையில் நிற்பது. வெயிலில் நடந்து வந்து காலை நனைப்பவனுக்கு அது வெதுவெதுப்பாகவே தோன்றும். எனினும் மனித உடலின் வெப்பம் 37 பாகை. வெப்பத்தைக் கடத்தும் ஆற்றலில் நீர் காற்றினும் ஏறத்தாழ 25 மடங்கு மிக்கது. அசைவின்றி நீருள் கிடக்கும் வெற்றுடல் தன் வெப்பத்தை இழவாதிருக்க வேண்டுமாயின், அந்நீர் 33 பாகைக்குக் குறையாதிருத்தல் வேண்டும். ஆகவே நம் கடலும் உடலைக் குளிரச் செய்வதே. வட கடலைப்போல விரைந்து செய்வதில்லை, அவ்வளவே. அரைமணி நேரம் நீந்துவோன் இதனை உணரான். மூன்று மணி நேரம் ஓரிடத்தில் நின்று ஆணி கழற்றுவோன் பல் கிட்டி மேலே வருவான்.

நம் பண்டைச் சுழியோடிகள் இதனை நூலிற் படியாமலே அறிந்திருந்தனர். மன்னார்க் கடலின் முத்துச் சலாபத்தில் ஒரு கல்லுக்கு இருவராகச் சேர்ந்து, மாறி மாறி இறங்குதல் வழக்கம். ஒருவன் கல்லின் பாரத்தால் கீழே சென்று ஒரு நிமிட அளவு சிப்பி பொறுக்க, மற்றவன் தோணியில் இளைப்பாறுவான். நுரையீரலுக்கு ஓய்வு தருதலே இதன் நோக்கம் என்று பொதுவாகக் கூறுவர். வெயிலில் உடலை மீண்டும் சூடேற்றிக் கொள்ளுதலும் இதனால் நிகழ்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது. வெற்றுடம்போடு இறங்குவோனுக்குச் சூரியனே கம்பளி.

திருக்கோணமலைக்கு அண்மையிலும் இத்தொழில் இருந்தது. தம்பலகாமம் விரிகுடாவின் சேற்றில், ஒளி புகும் மெல்லிய தட்டையோடுகளையுடைய சிப்பியினம் ஒன்று உண்டு. அதிலும் சிறு முத்துக்கள் விளையும். இலங்கையிற் பிறந்த இராணுவ மருத்துவரான கெலாற் என்பார் 1850களின் பிற்பகுதியில் இச்சிப்பிகளை ஆராய்ந்து அறிக்கைகள் எழுதினார். அங்கு நீர் ஆழமன்று, சேறோ மிகுதி. அவ்விடத்தில் உடையால் ஆகும் பயன் சிறிது. விரல்களின் தொட்டறியும் திறனே கருவி. தொழில் எதுவோ அதற்கேற்பவே உடுத்தலும் உடாமையும் அமைதல் வேண்டும் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டா.

நிலைமையை மாற்றியது காற்றை மேலிருந்து அனுப்பும் முறை. செருமனியிற் பிறந்து இலண்டனில் தொழில் நடாத்திய அகஸ்தஸ் சீபே 1830களின் இறுதியில் நிறைவாக்கிய உடையில், செம்பாலான தலைக்கவசம் நீர்புகாத் துணியுடையோடு பிரிவின்றிப் பொருத்தப்பட்டது. 1839 முதல் 1843 வரை, இங்கிலாந்தின் கரையருகே மூழ்கிக் கிடந்த 'ரோயல் ஜோர்ஜ்' என்னும் போர்க்கப்பலின் சிதைவுகளை அகற்றும் பணியில் அவ்வுடை தன் தகுதியை நிலைநாட்டியது. உலருடைகளின் குலமுதல் இதுவே எனலாம். உள்ளே கம்பளி உடுத்து, புறத்தே இவ்வுடையணிந்து, ஈயக் கட்டிகளும் ஈயமடித்த பாதணிகளும் பூண்டு நிற்பவனின் சுமை ஏறத்தாழ 180 இறாத்தல். மணிக்கட்டில் இறப்பர் வளையம் இறுக, கைகள் மட்டும் வெறுமையாய் வெளியே நிற்கும். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கைக்கு மாறி, 1957 வரை அவர்தம் கடற்படைத் தளமாய் நின்ற இத்துறை போன்ற இடங்களில், கப்பலின் அடியைப் பார்ப்பதும் நங்கூரச் சங்கிலியைத் தேடுவதும் துறைமேடைக் கற்களைச் சீர்செய்வதும் நெடுங்காலம் இத்தகைய உடையினரின் தொழிலாகவே இருந்தன.

வெப்பக் கடலில் இவ்வுடை எதற்கு என்னும் வினாவிற்கு இங்கே முதல் விடை கிடைக்கின்றது. தலைக்கவசத்தை உடையோடு பிணைத்தது குளிருக்கு அஞ்சி அன்று. குனிந்தாலும் விழுந்தாலும் கவசத்தினுள் நீர் புகாதிருத்தற் பொருட்டே. அதனோடு, சிப்பி படர்ந்த தூண்களிலும் துருவேறிய இரும்பிலும் உராயும் தோலைத் தடித்த துணி காத்தது. பல மணி நேரம் கீழே நிற்பவனின் வெப்பத்தையும் காத்தது. குளிர் தடுத்தல் அவ்வுடையின் பணிகளுள் ஒன்றே.

இவ்விடத்தில் இறப்பரைப்பற்றிச் சிறிது கூறுதல் பொருந்தும். 1823இல் மக்கின்ரோஷ் என்பார் இரு துணிகளுக்கிடையே இறப்பரைப் பூசி நீர்புகாத் துணி செய்தார். அது வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1844இல் அமெரிக்கரான குட்இயர் உரிமைப் பத்திரம் பெற்ற கந்தகச் சேர்க்கை முறையே அக்குறையை நீக்கியது. அக்காலத்து இறப்பர் தென்னமெரிக்கக் காட்டிலிருந்து வந்தது. 1876இல் கியூ தோட்டத்தினின்றும் அனுப்பப்பட்ட நாற்றுக்கள் கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடையில் நடப்பட்டன. இலங்கை இறப்பர் நாடாயிற்று. 1942இல் மலாயா யப்பானியர் வசமானபின், நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரின் பெரும்பகுதியை இச்சிறு தீவே வழங்கியது. அந்த யுத்தத்திலேயே உலருடை ஒரு படைக்கலமாயிற்று என்பதை எண்ணும்பொழுது, வரலாற்றின் பொருத்தம் வியப்புத் தருகின்றது.

படைக்கலமாக்கியோர் இத்தாலியர். 1941 டிசம்பர் 18ஆம் நாள் இரவில், அறுவர் மூன்று சிறு ஊர்திகளில் ஏறி அலெக்சாந்திரியாத் துறையினுள் நீரடியாகப் புகுந்தனர். உடலை மூடிய இறப்பருடையும், குமிழி வெளிவிடாத ஒட்சிசன் கருவியும் அவர்தம் துணை. பனிக்கால நீரில் ஊர்தியின்மேல் மணிக்கணக்காய் அமர்ந்து செல்வோனுக்கு அவ்வுடையின்றி அப்பணி கைகூடியிராது. விடியலில் 'குயின் எலிசபெத்', 'வலியன்ற்' என்னும் இரு பெரும் போர்க்கப்பல்கள் வெடியுண்டு துறையின் தரையிலே தங்கின.

இவற்றுள் 'வலியன்ற்' பின்னர் செப்பமுற்றுக் கீழைக்கடல் வந்தது. 1944 ஓகத்து 8ஆம் நாள் திருக்கோணமலையில், 50,000 தொன் தூக்கும் ஆற்றலுடையதெனக் கட்டப்பட்ட 23ஆம் இலக்க மிதக்கும் கப்பற்றுறை அதனைத் தாங்கி நிற்கையில் முறிந்து அமிழ்ந்தது. கப்பல் தப்பியது, ஆயினும் சுக்கானும் சுழல்விசிறிகளும் பழுதுற்றன. உலருடையணிந்த பகைவராற் காயமுற்ற கப்பல், பகைவர் எவருமின்றி நம் துறையில் மறுமுறையும் காயமுற்றது. அதன் கேட்டைப் பார்த்தறிதற்கும், அமிழ்ந்த துறையின் கிடப்பை அளத்தற்கும் சுழியோடிகளின் கண்ணும் கையுமே முதலில் வேண்டப்படுவன.

அலெக்சாந்திரியாவின் அனுபவம் பிரித்தானியரை அதே வழியில் செலுத்தியது. இத்தாலியர் தம் ஊர்தியைப் 'பன்றி' என்றனர்; பிரித்தானியர் 'தேர்' என்றனர். பெயர் சூட்டுவதில் எவர் உண்மைக்கு அணுக்கமாய் இருந்தனர் என்பதை அதன்மேல் அமர்ந்தவரே கூறல் வேண்டும். நீர்மூழ்கித் தலைவரான சிலேடன் என்பவரின் பெயரால் வழங்கிய உடை 1942இல் இதற்கென ஆக்கப்பட்டது. வயிற்றுப் பக்கத்து வாயில் வழியாக உள்ளே நுழைந்து, அவ்வாயிலை மடித்து இறுகப் பூட்டுவர். அணிந்தோர் அதற்கு இட்ட பரிகாசப் பெயர் 'பிசுபிசுத்த சாவு' என்பதாம். 1942 ஒக்டோபரில் நோர்வேயின் கடற்கழியில் நின்ற 'திர்பிற்ஸ்' என்னும் செருமானியப் போர்க்கப்பலை நாடிச் சென்ற முயற்சி, புயலில் தேர்கள் அறுந்து போனமையால் வீணாயிற்று. 1943 சனவரியில் சிசிலியின் பலேர்மோத் துறையில் ஓர் இத்தாலியக் கப்பல் அழிக்கப்பட்டது. இவ்விரு கடல்களையும் கருத்திற் கொண்டால், உடை எத்தகைய நீருக்கெனத் திட்டமிடப்பட்டது என்பது விளங்கும்.

அதன்பின் தேர்கள் திருக்கோணமலைக்கு வந்தன. 1944 ஒக்டோபரில் 'திரெஞ்சன்ற்' என்னும் நீர்மூழ்கி இரு தேர்களையும் நான்கு வீரரையும் இங்கிருந்து சுமந்து, சயாமின் புக்கெற் தீவை அடைந்தது. அங்கு நின்ற இரு கப்பல்களின் அடியிலும் வெடி பொருத்தப்பட்டது; ஒன்று மூழ்கியது, மற்றது பெருஞ்சேதமுற்றது. நால்வரும் உயிரோடு மீண்டனர். தேர்கள் மட்டும் கடலில் விடப்பட்டன. பிரித்தானியத் தேர்ப்படையின் முழு வெற்றி என்று போற்றப்படுவது, நம் துறையிலிருந்து புறப்பட்ட இச்செயலே. இதனை நம் மாணவருள் அறிந்தோர் சிலரே.

வட கடலுக்கென அமைந்த மூடுடையை நம் கடலில் அணிந்தால் நேர்வது யாது? ஈண்டு நீரினும் காற்றே பகை. உடையின் வாயிலைப் பூட்டிய கணம் முதல் வியர்வை வெளியேற வழியில்லை. வியர்வை ஆவியாகாவிடின் உடல் தணியாது. வெப்ப நாட்டுக் கடலில் நீர்மூழ்கியின் உள்ளறையோ அடுப்பங்கரை போன்றது. காபனீரொட்சைட்டை உறிஞ்சும் சுண்ணச் சேர்க்கையும் தன் வேதித் தாக்கத்தால் மூச்சுக் காற்றைச் சூடாக்கும். குளிரில் இது நன்மை, வெம்மையில் தீமை. இறங்குமுன்னரே களைத்தவன், இறங்கியபின் தவறிழைப்பான். உடையைக் கழற்றி எறிந்தாலோ, இரவு முழுவதும் அசையாது அமர்ந்து செல்லும் பயணத்தில் 28 பாகை நீரும் மெல்ல மெல்ல உடலை உண்ணும். மூடுடைக்கும் வெற்றுடலுக்கும் இடையே ஒரு நடுவழி வேண்டும் என்பதை இத்தகைய பணிகளே தொழிலினர்க்கு உணர்த்தின.

உலருடையின் வேறோர் இயல்பும் ஈண்டு அறியத்தக்கது. உடைக்குள் அடைபட்ட காற்று, ஆழம் மிக மிகச் சுருங்கும். 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இருமடங்கு. காற்றின் கனவளவு பாதி. அப்பொழுது உடை மடிந்து தோலைக் கவ்வும். கம்பளியும் நசுங்கித் தன் வெப்பங்காக்கும் திறனை இழக்கும். செப்புக் கவசக்காரனுக்கு மேலிருந்து வரும் காற்று இதனை ஈடு செய்தது. தன் காற்றைத் தானே சுமப்பவனுக்கு அவ்வசதி இல்லை. ஆகவே இக்கால உலருடைகளில் மார்பில் ஒரு வாயில் வழியாகக் காற்றை ஏற்றவும், தோளில் அல்லது கையில் மற்றொரு வாயில் வழியாக வெளிவிடவும் வகை உண்டு. இக்கலையைப் பயிலாதவனுக்கு உடையே எமன்: காற்று கால்களுக்கு ஏறினால் அவன் தலைகீழாகி, தடுக்க இயலாத வேகத்தில் மேலெழுவான். வேகமாய் மேலெழுதலின் கேட்டைச் சுழியோடுதல் பற்றிய நூல் எதிலும் காணலாம்.

யுத்தம் முடிந்தபின் வந்தவர்களோ வேறு வகையினர். 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவர்தம் தோழர் மைக் வில்சனும் சுவாமிமலையின் அடியில் இறங்கினர். 1620களில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட கோணேசர் ஆலயத்தின் செதுக்கிய கற்களையும் தூண்களையும் அலைகளுக்குக் கீழே கண்டனர். ஆங்குப் பெற்ற இலிங்கம் பின்னர் ஆலயத்தை அடைந்தது. கிளார்க் அடுத்த ஆண்டு வெளியிட்ட 'தப்ரபேனின் பவளப்பாறைகள்' என்னும் நூலில் திருக்கோணமலைக் கடல் இடம்பெற்றது. அத்தகைய பணிக்கு உலருடை வேண்டியதில்லை. நீர் தெளிந்தது, ஆழம் குறைவு, காற்றுக் கலம் தீர்ந்தவுடன் மேலே வந்து வெயிலில் அமரலாம். பாறைக்கும் அலைக்கும் இடையே இலேசாக நீந்துதலே அங்கு உயிர்க்காப்பு. தடித்த உடையணிந்தவன் அவ்வலைக்கு ஈடுகொடான். நூறாண்டுக் கருவிகளையெல்லாம் தாண்டி, முத்துக்குளிப்போனின் வழியே அங்குச் சிறந்ததாயிற்று. சைவ மக்கள் இழந்ததென்று எண்ணிய ஒன்றை மீட்டுத் தந்த அச்செயலில் உடையின் பங்கு, அது இல்லாமையே!

ஏறக்குறைய அதே காலத்தில் கலிபோர்னியாவில் பிராட்னர் என்னும் பௌதிகவியலார் நியோப்பிரீன் நுரையால் 'ஈரவுடை'யை அமைத்தார். நீர் உள்ளே வரும். ஆயின் நுரையிலுள்ள நுண்குமிழிகள் வெப்பத்தைக் காக்கும். நம் கடலில் பொழுதுபோக்காய்ச் சுழியோடுவோர்க்கு 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஈரவுடை பொதுவாகப் போதும். உலருடையைத் தெரிவோன் மூவகையை ஆராய்வான். நியோப்பிரீன் உலருடை தானே வெப்பங் காக்கும். ஆயினும் ஆழத்தில் நசுங்கும், உலர நெடுநேரம் செல்லும். இரு துணிகளுக்கிடையே இறப்பர் படலம் வைத்த மெல்லுடை தன்னளவில் வெப்பங் காப்பதில்லை. உள்ளுடையே அவ்வேலையைச் செய்யும். இதுவே அதன் சிறப்பு. உள்ளுடையை மாற்றினால் ஒரே உடை நோர்வேக்கும் நமக்கும் ஆகும். இன்று நோர்வேயிலும் கனடாவிலும் வாழும் நம் பழைய மாணவர் கடலிறங்க விரும்பின், அங்குத் தடித்த கம்பளி உள்ளுடையும், விடுமுறையில் ஈண்டு வருங்கால் மெல்லிய பருத்தியல்லாத உள்ளுடையும் கொண்டு இதனையே அணியலாம். பருத்தி வியர்வையை உறிஞ்சித் தேக்கிக் கொள்ளும் என்பதனால் விலக்கப்படுகின்றது. மூன்றாவது, முழுதும் கந்தகச் சேர்க்கையுற்ற தடித்த இறப்பருடை. அது கனமும் வெம்மையும் உடையது; அழகு பார்ப்போர் விரும்பார்.

ஆயின் துறைமுகத்தில் தொழில் புரிவோனுக்கு யான் முதலிற் கூறுவது இம்மூன்றாவதையே. திருக்கோணமலைத் துறை ஆழமும் அடைப்பும் உடையது. மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் சேற்றைச் சொரிகின்றது. யுத்தக் கப்பல்களின் எச்சங்கள் அடியிலே கிடந்தன. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்களால் தாக்குண்டு, 1943இல் துறைமேடையாகப் பயன்படுத்துதற்கென மூழ்கடிக்கப்பட்ட 'சாகாயிங்' என்னும் பயணிகள் கப்பல், முக்கால் நூற்றாண்டின் பின், இலங்கைக் கடற்படைச் சுழியோடிகளின் பல மாத உழைப்பால் 2018 மார்ச்சில் மிதக்க வைக்கப்பட்டது. ஏறத்தாழ 35 அடி ஆழமே. ஆயினும் இத்தகைய நீரில் எண்ணெயும் கழிவும் துருவும் கலந்திருக்கும். ஈரவுடையின் நுரை அக்கழிவை உறிஞ்சி உடலோடு ஒட்டி வைத்திருக்கும். வழுவழுப்பான இறப்பர்ப் பரப்போ கழுவியவுடன் தூய்மையாகும். இங்கு உலருடை தடுப்பது நோயை; குளிரை அன்று. அதனை அணிபவன் வெயிலில் காத்து நிற்கலாகாது. நிழலிலே உடுத்தி, உடுத்தவுடன் நீரில் இறக்கி, ஏறியவுடன் குளிர்நீர் ஊற்றிக் கழற்றல் வேண்டும். இதற்கு உதவியாள் இன்றியமையாதவன்.

நெடிது ஆழ்வோரின் நிலை வேறு. திருக்கோணமலையினின்றும் புறப்பட்ட 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கி, அதே 1942 ஏப்ரல் 9ஆம் நாள் மட்டக்களப்புக் கரைக்கப்பால் 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் அமிழ்ந்தது. அதனைக் காணச் செல்வோர், குருதியில் கரைந்த வாயு வெளியேறுதற்பொருட்டு, ஏறும் வழியில் நெடுநேரம் அசையாது தங்க வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் சோதனைச் சாலை 2007இல் வெளியிட்ட ஆய்வொன்று இவ்விடத்தில் நமக்கு மிகவும் பயன்படும். அடியில் வெம்மையாய் இருந்து, ஏறுங்கால் குளிர்ந்தவர்க்கே வாயுநோயின் அபாயம் மிகும் என்றும், ஏறுங்கால் வெம்மையாய் இருத்தல் பெரிதும் நன்மை தரும் என்றும் அது கண்டது. அவ்வாய்வில் 'குளிர்நீர்' எனப்பட்டது 27 பாகை! நாம் வெதுவெதுப்பு என்று கருதும் நம் கடல்நீரே அது. அடியில் சுறுசுறுப்பாய் நீந்திச் சூடேறி, பின் கயிற்றைப் பற்றி ஒரு மணி நேரம் அசையாது தொங்குபவன், தன்னை அறியாமலே அவ்வாய்வின் தீய நிலையில் நிற்கின்றான். அத்தகையோர் மெல்லிய உள்ளுடையோடு உலருடை அணிதல் மிகையன்று.

உடையைத் தெரிந்தபின்னும் ஒன்று எஞ்சும். கழுத்திலும் மணிக்கட்டிலும் நீரைத் தடுக்கும் வளையங்களைப் பெரும்பாலும் இயற்கை இறப்பர்ப் பாலிலிருந்தே செய்கின்றனர். அவை மெல்லியன, நன்கு பொருந்துவன. வெயிலும் வெப்பமும் எண்ணெயும் மின்பொறிகளின் அருகில் தோன்றும் ஓசோன் வாயுவும் அவற்றை விரைவில் வெடிக்கச் செய்யும். ஹெனரத்கொடையின் நாற்றுக்கள் தழைத்த வெம்மையே, அவற்றின் பாலாற் செய்த வளையத்தை அழிக்கின்றது. குளிர்நாட்டில் பல ஆண்டு நிற்பது நம் ஊரில் அவ்வளவு நில்லாது. நன்னீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, வாசனையற்ற வெண்பொடி தடவி, இருண்ட பெட்டியில் வைத்தல் முறை. நியோப்பிரீன் வளையங்கள் தடித்தவை, நீரைச் சிறிது கசிய விடுபவை, ஆயினும் வெயிலைப் பொறுப்பவை. சில ஆண்டுகளாக வழங்கும் சிலிக்கன் வளையங்களைச் சுழியோடி தானே கையால் மாற்றிக்கொள்ளலாம். உதிரிப் பொருள் கடல் கடந்து வரவேண்டிய நம் துறைக்கு இவ்விரண்டுள் ஒன்றே ஏற்றது. ஒவ்வொரு முறையும் இறங்குமுன் வளையத்தை மெல்ல இழுத்து, ஒளியில் பிடித்து, நுண்வெடிப்பு உளதா என நோக்குதற்கு இரு நிமிடம் போதும்.